விந்தணுவும் திமிங்கிலமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

கண்காட்சிக்காக நீ அனுப்பிய நீச்சல் வேக அட்டவணையைப் பார்த்தேன். முதல் வரியில் மயில் மீன், மணிக்கு 110 கிலோமீட்டர். கடைசி வரியில் மனித விந்தணு. "விந்தணுவைத் திமிங்கிலம் அளவுக்குப் பெரிதாக்கினால் திமிங்கிலத்தையே முந்திவிடும், சரிதானே ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தப் பெருக்கலைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

விந்தணு நொடிக்கு ஏறக்குறைய தன் நீளமே நகர்கிறது. நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர். 25 மீட்டருக்கு நீட்டினால் மணிக்கு 90 கிலோமீட்டர் வரும். பெருக்கல் சரி. ஆனால் தண்ணீரைப் பெருக்க மறந்துவிட்டாயே! நீரின் பாகுத்தன்மையைவிட நிலைமம் எத்தனை மடங்கு என்று காட்டும் ரெய்னால்ட்ஸ் எண் திமிங்கிலத்துக்குக் கோடிகளில். விந்தணுவினுடையது ஆயிரத்தில் சில பங்கு. திமிங்கிலம் வாலை நிறுத்தினாலும் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பாக்டீரியா நிறுத்தினால், ஓர் அணுவின் குறுக்களவு தூரம்கூடப் போகாது. இது எட்வர்ட் பர்செல் 1977இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. 1952இல் இயற்பியல் நோபல் பெற்றவர், கையால் வரைந்த படங்களோடு பேசிய பேச்சு அது. நான் திரும்பத் திரும்பப் படிப்பது. வெல்லப்பாகுக் குளத்தில் இறங்கி, கடிகார முள்ளின் வேகத்தில் மட்டும் கைகாலை அசைத்து நீந்தச் சொன்னால் நம் பாடு எப்படியோ, அப்படித்தான் அந்த உயிர்களின் பாடு என்கிறார்.

அவருக்கு முன்பே இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் இந்த நிலையைப் படம் பிடித்துக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரு உருளைகள், நடுவில் கெட்டியான திரவம், அதில் ஒரு சொட்டுச் சாயம். உள் உருளையைச் சில சுற்று சுற்றினால் சாயம் இழுபட்டுக் கரைந்தே போனதாகத் தோன்றும். அதே அளவு பின்னோக்கிச் சுற்றினால், ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கி, பழைய சொட்டு திரும்பி வந்து நிற்கும்! முன்னால் போனது பின்னால் வந்ததில் கழிந்துவிடுகிறது. அதேபோல, ஓட்டைத் திறந்து மூடி நீந்துகிற ஸ்காலப் சிப்பியை விந்தணு அளவுக்குச் சுருக்கினால், திறக்கும்போது போன தூரத்தை மூடும்போது இழந்து, இருந்த இடத்திலேயே இருக்கும். மெதுவாகத் திறந்து வேகமாக மூடினாலும் பயனில்லை. விந்தணு பிழைத்தது எதனால்? அதன் வாலில் அலை எப்போதும் தலையிலிருந்து நுனிக்கே ஓடுகிறது, திரும்பி வருவதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு உடல் நீளத்தால் வகுத்துப் பந்தயம் வைப்பது அறிவியல் ஆகாது.

மயில் மீனின் 110ம் நம்பத்தக்கதல்ல. ஃபுளோரிடாவில் தூண்டில் நூல் 3 நொடியில் எவ்வளவு உருவிக்கொண்டு போனது என்று பார்த்துச் சொன்ன எண் அது. தசை சுருங்கும் நேரத்தை அளந்து 2016இல் வந்த ஆய்வு, நொடிக்குச் சுமார் 8 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் என்கிறது. திருத்திவிடு.

விந்தணு வரியை எடுத்துவிட்டு டெய்லரின் சோதனையைச் செய்து காட்டு. கிளிசரின் போதும். சாயத்தையும் கிளிசரினிலேயே குழைத்து ஊசியால் விடு. உள் உருளையை ஆடாமல், மிக மெதுவாகச் சுற்று.

அன்புடன்,
உன் ஆசிரியர்