மாந்தோப்புக்கு எந்த மடக்குக்கத்தி?

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் காய் அறுக்கவும் ஒட்டுக்கட்டவும் ஒரு மடக்குக்கத்தி வாங்க வேண்டும். டி2 எஃகுதான் உயர்ந்தது என்கிறார்கள். கூடுதல் காசு கொடுக்கலாமா? (வாசகர், சித்தூர்)

பதில்: உங்கள் வேலைக்கு டி2 வேண்டாம். அதில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. மாம்பாலும் பெங்களூரா மாங்காயின் புளிப்பும் பட்டால் அலகில் கறையும் புள்ளியும் விழும். தீட்டுவதும் பெரும்பாடு.

ஸ்வீடனின் 14சி28என் எஃகில் செய்த கத்தி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். துரு எளிதில் அண்டாது, சாணைக்கல்லுக்குச் சீக்கிரம் பணியும். விலை கையைக் கடித்தால் 8சிஆர்13எம்ஓவி போதும். விலைக்கு மிக நியாயமான எஃகு. சாதா 420 எஃகு சீக்கிரம் மழுங்கும். எதுவானாலும் பதம் சரியில்லையென்றால் எஃகின் பெயரால் பயனில்லை. ராக்வெல் கடினம் 57 முதல் 60 வரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒட்டுக்கட்ட மட்டும் தனியாகக் கார்பன் எஃகுக் கத்தி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு வழவழப்பாக விழும். துடைத்து எண்ணெய் தடவினால் போதும்.

திருமலைக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டிலேயே விடுங்கள். மலையடிவாரத்தில் அலிபிரியில் பைகளைச் சோதிப்பார்கள்.