புது லீக் கூப்பிடுகிறது, வேலையை விடலாமா?

வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வருகிறது. புதிய தொழில்முறை லீக், எட்டு அணிகள், டிவி ஒளிபரப்பு, ஏலம். டிரையல்ஸ் ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில். ஊத்தங்கரை, கல்லாவி, சிங்காரப்பேட்டை பக்கம் கபடியோ வாலிபாலோ நன்றாக ஆடுகிற பையன்களின் போனில் இப்படி ஒன்று எப்போதாவது வந்து விழுந்திருக்கும். அவர்களில் பலர் விடிவதற்கு முன்பே போச்சம்பள்ளி சிப்காட்டுக்கோ ஓசூருக்கோ கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். ஆகவே கேள்வி இரண்டு: போகலாமா? வேலையை விடலாமா?

போகலாம். வேலையை விட வேண்டாம். காரணம் சொல்ல, நம் பக்கத்தில் யாரும் ஆடிப் பார்த்திராத ஓர் ஆட்டத்திலிருந்து தொடங்குவது வசதி.

2011இல் 'எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் அமெரிக்கக் கால்பந்து இங்கே அறிவிக்கப்பட்டது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற ஆட்டம். பின்னால் நின்ற பெயர்கள் சிறியவை அல்ல: அமெரிக்காவின் புகழ்பெற்ற பயிற்சியாளர் மைக் டிட்கா, முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் கர்ட் வார்னர், ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க். பெங்களூருக்கு வார்ஹாக்ஸ், கொழும்புக்கு லயன்ஸ், பாகிஸ்தானுக்குக்கூட ஓர் அணி. ரக்பி, கபடி, தடகளம் என்று பல களங்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, விதிகளை முதலிலிருந்து கற்றுக்கொடுத்து இறக்கினார்கள். 2012இல் முதல் சீசனின் ஆட்டங்கள் புனே பாலேவாடியில் படமாக்கப்பட்டு, பிறகு டிவிக்குப் போயின. புனே மராத்தாஸ் சாம்பியன். அதன்பின் அந்த லீக் ஊன்றி நிற்கவில்லை.

பெங்களூர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க பெங்களூர்க்காரர் புனே போக வேண்டும் என்றால், அந்த அணிக்கு ரசிகர் எங்கிருந்து வருவார்? கேலிக்குக் கேட்கவில்லை. ஒரு லீக்கின் கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது. இந்த ஆட்டத்தின் பெரிய அமெரிக்க லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணிக்கு 53 பேர். அத்தனை பேருக்கும் கவசம், தங்குமிடம், சாப்பாடு, பயணம், அடிபட்டால் மருத்துவம். ஆட்ட நேரம் என்னவோ 60 நிமிடம்தான். நின்று நின்று ஆடுவதால் முடிய மூன்று மணி நேரம் ஆகும். விதி தெரியாதவரை அவ்வளவு நேரம் டிவி முன் உட்காரவைப்பது லேசான வேலை அல்ல.

இதோடு புரோ கபடியை வைத்துப் பாருங்கள். 2014 ஜூலை 26இல் தொடங்கியது. களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர், ஒரு மேட், ஓர் உள்ளரங்கம், 40 நிமிட ஆட்டம், 30 வினாடி ரெய்டு. விதியைப் பார்வையாளருக்குச் சொல்லித்தரவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். அந்த லீக் தொடங்கியபோது முன்னணி ஆட்டக்காரர்கள் பலருக்கு ஏற்கெனவே ரயில்வேயிலும் ராணுவத்திலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. வருஷம் முழுவதும் சோறு போட்டது வேறொருவர். லீக் கொடுத்தது சீசன் காசு. முதல் ஏலத்தில் அதிக விலை போன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.80 லட்சம் ரூபாய். நான்கே ஆண்டில், 2018இல், மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். அந்த நான்கு ஆண்டுகளைத் தாண்ட ஆட்டக்காரர்களைத் தாங்கிப் பிடித்தது பழைய வேலைதான்.

சொந்த ஊரிலேயே விழுந்த கதை

ஆட்டம் இந்தியாவுக்குப் புதிது, அதனால் தோற்றது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவிலேயே இதே ஆட்டத்துக்குப் புது லீக் தொடங்கியவர்கள் வரிசையாகக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். யுஎஸ்எஃப்எல் 1983 முதல் 1985 வரை மூன்று சீசன். என்எஃப்எல் ஏகபோகம் செய்கிறது என்று வழக்குப் போட்டு 1986இல் ஜெயித்தது. ஜூரி கொடுத்த நஷ்டஈடு 1 டாலர், சட்டப்படி மும்மடங்காகி 3 டாலர். அந்த வழக்கை முன்னின்று தள்ளிய அணி முதலாளிகளில் ஒருவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்ப். 2001இல் எக்ஸ்எஃப்எல், ஒரே சீசன். அதே பெயரில் 2020இல் மறுபடி. ஐந்து வாரம் ஆடியதும் கொரோனா வந்தது, ஏப்ரலில் திவால் மனு. நடிகர் டுவெயின் ஜான்சன் உள்ளிட்டவர்கள் அதை 1.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கடைசியில் எக்ஸ்எஃப்எல்லும், பழைய பெயரிலேயே பின்னர் தொடங்கிய புதிய யுஎஸ்எஃப்எல்லும் ஒன்றாகி, 2024இலிருந்து யுஎஃப்எல் என்று ஓடுகிறது.

வேலை தேடுகிறவர் நிதானமாகப் படிக்க வேண்டிய கதை இன்னொன்று: அலையன்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபுட்பால். 2019 பிப்ரவரி 9இல் தொடக்கம். முதல் வார ஆட்டத்தை நாடு முழுக்கப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே டாம் டண்டன் என்ற முதலாளி 25 கோடி டாலர் போடுவதாக அறிவித்தார். ஆட்டக்காரர்களுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம், மொத்தம் 2.5 லட்சம் டாலர். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஏப்ரல் 2இல் எல்லாம் நின்றது. எட்டு வாரம் ஆடியாயிற்று, இறுதிப் போட்டி நடக்கவே இல்லை. ஏப்ரல் 17இல் திவால் மனு. சில ஆட்டக்காரர்கள் சொந்தக் காசில் டிக்கெட் போட்டு வீடு திரும்பினார்கள். களத்தில் அடிபட்டுச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு, இனி பில்லை யார் கட்டுவார் என்ற கவலை.

மூன்று ஆண்டு ஒப்பந்தம் எட்டு வாரத்தில் எப்படிக் காற்றில் போனது? அது உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம். அணி உங்களை வைத்திருக்கும் வரைதான் சம்பளம். அறிவித்த 25 கோடியும் அப்படித்தான்: வங்கியில் கிடந்த பணம் இல்லை, தேவைப்படும்போது போடுகிறேன் என்ற வாக்கு. முதலாளிக்கு மனசு மாறிய நாளில் வாக்கும் போயிற்று.

காகிதத்தில் என்ன பார்ப்பது

சிப்காட்டில் ஆள் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் நம் ஆட்கள் என்ன கேட்பார்கள்? சம்பளம் எந்தத் தேதி, பி.எஃப். பிடிக்கிறாயா, ஈ.எஸ்.ஐ. உண்டா, ஓ.டி. எப்படி, நிறுத்தினால் எத்தனை நாள் நோட்டீஸ். கோட் போட்டுக்கொண்டு வரும் லீக் ஆளிடமும் இதையே கேளுங்கள். பளபளப்பான மேடையைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகிறது. நான் பார்த்த வரையில் அதுதான் பெரிய தடை.

பெரும்பாலான லீக் ஒப்பந்தங்களில் ஆட்டக்காரர் ஊழியர் கிடையாது, தொழில்முறைச் சேவை தருகிறவர். அதனால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பேச்சே வராது. கட்டணத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பிடித்ததாகச் சொல்லிக் கட்டாத ஆள் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தால் யார் பார்ப்பது? விபத்துக் காப்பீடு எத்தனை லட்சத்துக்கு, பயிற்சி முகாமில் அடிபட்டாலும் செல்லுமா, சீசன் முடிந்த பிறகு நடக்கும் அறுவை சிகிச்சைக்கும் செல்லுமா? வாயால் சொன்னால் போதாது, பாலிசி நகல் வேண்டும். கபடிக்காரருக்கு இது சம்பளத்தைவிட முக்கியம் என்பேன். முட்டி போனால் மேட் மட்டும் போகாது, எட்டு மணி நேரம் லைனில் நின்று செய்யும் வேலையும் போகும்.

பணம் எப்போது வரும் என்பதற்கும் எழுத்து வேண்டும். கையெழுத்தில் ஒரு பங்கு, முகாமில் ஒரு பங்கு, சீசன் நடுவில் ஒரு பங்கு என்று பிரித்திருந்தால் நல்லது. 'சீசன் முடிந்து 90 நாளில் மொத்தமாக' என்று இருந்தால் உஷார். அணிகளிடம் லீக் வங்கி உத்தரவாதம் வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிறார்களா, பதில் சொல்கிறார்களா என்பதிலேயே பாதி விவரம் இருக்கிறது. டிரையல்ஸுக்கே பெரிய பதிவுக் கட்டணம் என்றால் போகவே வேண்டாம்; ஆட்டக்காரர் பாக்கெட்டை நம்பி நடக்கும் லீக்குக்கு ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

சங்கத்தோடு சண்டையா?

இது நம் ஊர் வியாதி, அதனால் கொஞ்சம் விரிவாக.

2007இல் இந்தியன் கிரிக்கெட் லீக் வந்தது. முதல் பட்டம் சென்னை சூப்பர்ஸ்டார்ஸுக்கு. ஹேமங் பதானி போன்றவர்கள் ஆடிய அணி. கிரிக்கெட் வாரியம் அந்த லீக்கை ஏற்கவில்லை, அங்கே போனவர்களுக்கெல்லாம் தடை. 2009இல் வாரியம் மன்னிப்பு அறிவித்த பிறகுதான் பலரால் திரும்ப முடிந்தது. அம்பதி ராயுடு திரும்பி வந்து இந்திய அணிவரை போனார் என்பது உண்மை. எல்லோரும் ராயுடு இல்லை என்பதும் உண்மை.

வாலிபாலில் நடந்தது இன்னும் வலி. புரோ வாலிபால் லீக் 2019 பிப்ரவரியில், ஆறு அணிகளுடன், கொச்சியிலும் சென்னையிலும் நடந்தது. பிப்ரவரி 22இல் நேரு உள்ளரங்கில் கோழிக்கோட்டை வீழ்த்தி சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையை எடுத்தது. கூட்டம் இருந்தது, டிவி இருந்தது. பிறகு நடத்திய நிறுவனத்துக்கும் வாலிபால் சம்மேளனத்துக்கும் தகராறு, ஒப்பந்தம் முறிந்தது, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. இரண்டாவது சீசன் வரவே இல்லை. அதே நிறுவனம் பிரைம் வாலிபால் லீக் என்று வேறு பெயரில் மறுபடி களமிறங்கியது 2022 பிப்ரவரியில். சரியாக மூன்று ஆண்டு. ஒரு ஷூட்டர் உச்சத்தில் ஆடுகிற காலமே எட்டு, பத்து ஆண்டுதான்.

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். அங்கே எடை உள்ளவை அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்கள். லீக்கில் ஆடியதால் சங்கம் உங்களைத் தடை செய்தால், இழப்பது ஒரு சீசன் காசு மட்டும் இல்லை, ரயில்வேயோ காவல்துறையோ தரக்கூடிய முப்பது ஆண்டுச் சம்பளமும்தான். ஆகவே கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் போய், இந்த லீக்குக்குச் சம்மேளனத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். போனில் கேட்டால் 'பார்த்துச் சொல்றேன்' என்பார்கள்.

ஃபேக்டரியில் என்ன சொல்வது

ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள், எழுத்தில். லீக் சீசன் பொதுவாகச் சில வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை. முகாமையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தேதி போடுங்கள். நிரந்தரத் தொழிலாளி என்றால் ஹெச்.ஆரிடம் பேச இடம் உண்டு. கம்பெனி அணிக்கு ஆடுகிறவர் என்றால் இன்னும் எளிது. அப்ரெண்டிஸாக இருந்தால் பயிற்சியை முடித்துச் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு போங்கள், ஒரு சீசன் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கான்ட்ராக்டில் இருப்பவருக்குத்தான் சிக்கல். விடுப்பு கிடைக்காது, திரும்பி வந்தால் இடம் இருக்காது. அவர் லீக் முன்பணத்தையும் இப்போதைய மூன்று மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். முன்பணம் குறைவாக இருந்தால் அந்தக் காகிதத்திலேயே பதில் இருக்கிறது.

ஆடத் தெரியாதவர்களுக்கும் லீக்கில் வேலை உண்டு. சொல்லப்போனால் நீடிக்கிற வேலை அங்கேதான். பிசியோதெரபி படித்தவர், ஆட்ட வீடியோவை வெட்டித் தொகுத்து அலசுகிறவர், நடுவர் தேர்வு எழுதியவர், மேட் விரித்து விளக்கு கட்டுகிறவர். லீக் செத்தாலும் இவர்களின் கைத்தொழில் அடுத்த லீக்குக்குப் போகும். இந்த வேலைகளைத் தேடிப் போக, பெங்களூர் கண்டீரவா அரங்கம் இங்கிருந்து நான்கு மணி நேரத் தொலைவுக்குள்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் தொடங்கியதால் அதில் திறந்திருக்கும் ஒரு வாசலையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்கு ஃபிளாக் ஃபுட்பாலைச் சேர்த்தது. அதே ஆட்டத்தின் மோதல் இல்லாத வடிவம்: அணிக்கு ஐந்து பேர், ஹெல்மெட் கிடையாது, பந்து வைத்திருப்பவரின் இடுப்பு பெல்ட்டில் தொங்கும் பட்டையை உருவினால் அந்த ஓட்டம் அங்கேயே நிற்கும். செலவு ஒரு பந்தும் பத்துப் பெல்ட்டும். ரெய்டுக்குப் போய் உடம்பை வளைத்துத் தப்பத் தெரிந்தவருக்கு இதில் பாதி வித்தை கைவசம். இந்தியாவில் ஆடுகிறவர்கள் இன்னும் குறைவு என்பதால் தேசிய அணிக்கான வரிசையும் குட்டை. பள்ளி பி.இ.டி. ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே, ஆண், பெண் இருபாலருக்கும் இதைத் தொடங்கலாம். சம்பளம் என்று இப்போதைக்கு இதில் ஒன்றும் கிடையாது. போட்டிக்குப் போக ரயில் டிக்கெட்டைச் சொந்தக் காசில் போட வேண்டிவரலாம். வீட்டில் முதல் நாளே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.