உடைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது!



மெக்கானிக்கல் படிக்கிற நமக்குச் சிலப்பதிகாரம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் பத்தாம் வகுப்போடு அதை மறந்தவன்தான். இன்பிளான்ட் டிரெயினிங்கில் நடந்த ஒரு சம்பவம்தான் மறுபடி படிக்க வைத்தது.

நாங்கள் போன பட்டறையில் ஒரு வெர்னியர் காலிப்பர் காணாமல் போனது. சாயங்காலம் கேட்டில் பைகளைச் சோதித்தார்கள். எர்ணாவூரிலிருந்து என்னோடு வரும் நண்பனின் பையில் ஒரு வெர்னியர் இருந்தது. அது அவன் மாமாவுடையது. காலையிலேயே என்னிடம் காட்டியிருந்தான். "சார், நம்பரைப் பாருங்க சார்" என்று கெஞ்சினான். ரிஜிஸ்டரை யாரும் புரட்டவில்லை. அன்றோடு அவனை நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

நம்ம திருவொற்றியூர் கோயிலில் வட்டப்பாறை அம்மன் இருக்கிறாள் அல்லவா? மதுரையை எரித்த கண்ணகிதான் இங்கே வந்து தங்கினாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால் கண்ணகி என்றாலே நமக்கு நெருப்பும் பழிவாங்கலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் முப்பது காதைகளில் இருபதாவதான வழக்குரை காதையைப் படித்துப் பாருங்கள். அங்கே அவள் முதலில் கேட்பது பழி அல்ல, விசாரணை.

கோவலனிடம் இருந்தது அரசியின் சிலம்புதான் என்று சொன்னவன் பொற்கொல்லன். உண்மையில் திருடியவனும் அவனே. காவலர்கள்கூட, இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். அதற்குள் ஒருவன் வாளை வீசிவிட்டான். அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருந்த பாண்டியன், சிலம்பைத் தன் கண்ணால் பார்க்காமலே ஆணையிட்டிருந்தான்.

சபையில் கண்ணகி வாதாடுகிறாள். கள்வனைக் கொல்வது அரச நீதி என்கிறான் மன்னன். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். எங்களுடையது முத்து என்று அவனே ஒப்புக்கொள்கிறான். கதை திரும்புவது இங்கேதான். சிலம்பை வரவழைக்கிறார்கள், அவள் உடைக்கிறாள், மாணிக்கம் தெறித்து மன்னன் முகத்தருகே பறக்கிறது. தானே கள்வன் என்று சொல்லிச் சாய்ந்து உயிரை விடுகிறான். அரசியும் இறக்கிறாள். மதுரை எரிவது அதற்குப் பிறகு.

யோசித்துப் பாருங்கள். உள்ளே என்ன பரல் என்ற ஒரே கேள்வி. ஒரு நிமிஷ வேலை. அதைக் கொலைக்கு முன்னால் கேட்டிருந்தால் கோவலனும் இருப்பான், மதுரையும் இருக்கும். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொருளை அளந்து பார்க்காமல் பாஸ், ரிஜெக்ட் என்று சொல்லக்கூடாது என்று இன்ஸ்பெக்‌ஷன் பாடத்தில் படிக்கிறோம். மனுஷனுக்கு மட்டும் அந்தப் பாடம் கிடையாதா?

காணாமல் போன வெர்னியர் இரண்டு நாள் கழித்து அங்கேயே ஒரு டிராயரில் கிடைத்தது. நண்பன் அந்தப் பட்டறைக்குத் திரும்பவில்லை; வேறு இடத்தில் டிரெயினிங்கை முடித்தான். பாண்டியன் தன் தப்பைச் சபையிலேயே ஒப்புக்கொண்டான். எனக்கு அந்தத் தைரியம் இவ்வளவு நாள் வரவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் போகும். மச்சான், அன்னைக்கு நான் பேசியிருக்கணும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை