குளிர்காய்ச்சலும் அதன் கிருமியும்

இவ்வாண்டு மலருக்கு நோய்க்கிருமிகள் பற்றி எளிய கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு அறவாரியத்தார் கேட்டனர். எல்லாக் கிருமிகளையும் பற்றி எழுதப் புகுந்தால் மலரில் வேறெதற்கும் இடமிராது. ஆகவே, கெடா தோட்டங்களில் வளர்ந்த நம்மவர் பலர் அறிந்த மலேரியாவையே எடுத்துக்கொள்கிறேன்.

1958ஆம் ஆண்டு, பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் என் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. முதலில் பல் கிட்டும் நடுக்கம். கம்பளியும் சாக்கும் போர்த்தினாலும் அடங்காது. பிறகு உடம்பு அனலாய்க் கொதிக்கும். கடைசியில் வியர்த்துக் கொட்டிப் பையன் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பான். ஒருநாள் விட்டு மறுநாள் மீண்டும் அதே கதை. தோட்டத்து டிரசர் கொடுத்த கசப்பு மாத்திரையில் குணமானான். மூன்று மாதங்கழித்துத் திரும்பவும் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் பக்கத்து லயத்து அத்தை ஒருவர் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கண்பட்டுவிட்டது என்று அம்மா அவரோடு இரண்டாண்டுகள் பேசவில்லை.

நான் மருத்துவமனை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த பின்னரே விவரம் புரியத் தொடங்கியது. மலேரியாக் கிருமி பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. பிளாஸ்மோடியம் எனும் ஓரணு ஒட்டுண்ணி. அனோபிலஸ் பெண்கொசு கடிக்கையில் உடம்பில் புகுந்து, முதலில் ஈரலில் தங்கிப் பெருகும். பிறகு இரத்தச் சிவப்பணுக்களில் நுழையும். அவ்வணுக்கள் ஒருசேர வெடிக்கும்போதுதான் நடுக்கம் வருகிறது. வைவக்ஸ் எனும் வகையில் இது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை நிகழும். அவ்வகைக் கிருமிகளுள் சில ஈரலிலேயே மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இரத்தத்தில் உள்ளதைக் கொல்லும் கசப்பு மருந்து அவற்றைத் தொடாது. அதற்குப் பிரைமாகுவின் வேண்டும். (ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அம்மருந்து இரத்தத்தைச் சிதைத்துவிடும், ஆதலால் சோதித்த பிறகே தருவர்.) உறங்கும் கிருமியை அறிஞர்கள் நுண்ணோக்கியில் இனங்கண்டதே 1980களில்தான். அதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னபோது, "அப்படின்னா அவங்க மேல தப்பே இல்லையா?" என்று கேட்டார். அந்த அத்தை அப்போது உயிரோடு இல்லை.

கொசுவே காரணம் என்பதற்கு வழிகாட்டியவர் ரொனால்டு ரோஸ். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் இக்கிருமியைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியச் செய்து, காட்டை வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். ஆனால் அதே வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது! கரையோரத்து அம்புரோசஸ் கொசு நிழல்நீரில் முட்டையிடுவது; மலையோரத்து மேக்குலேட்டஸ் கொசுவோ வெயில்படும் தெளிந்த ஓடையை நாடுவது. மரத்தை வெட்டியதும் அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. எந்தக் கொசு என்று அறியாமல் செய்யும் தடுப்பு வீண் என்பதை இந்நாடு அப்படித்தான் கற்றது. பின்னர் ஓடைகளைக் குழாய்வழி நிலத்தடியில் விட்டனர். தேங்கும் நீரில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தனர். வாரந்தோறும் ஏன்? முட்டை கொசுவாக ஏறக்குறைய அவ்வளவு நாளாவது ஆகும். அதற்குள் எண்ணெய்ப் படலம் புழுவை மூச்சுத் திணற வைத்துவிடும். முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து கால்வாயோரம் நடந்த தொழிலாளர்களை எந்தப் புத்தகமும் பெயர் சொல்லிப் பாராட்டியதாக நான் படித்ததில்லை.

டெங்கி வேறு கதை. அது வைரஸ், ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். ஆன்டிபயாட்டிக் கேட்டு டாக்டரை நச்சரிப்பதில் பயனில்லை; ஆஸ்பிரினோ கேடு விளைவிக்கும். திருவிழா முடிந்ததும் இளநீர்க் கூட்டையும் குவளைகளையும் மழைநீர் சேராமல் அகற்றுங்கள்.

மலேரியா ஒழிந்துவிட்டதே என்பீர்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் குரங்குகளிடமுள்ள நோலெசி என்னும் வகை மனிதரையும் பிடிக்கிறது என்பதை, சரவாக்கின் காப்பிட்டில் ஆய்வு செய்த பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் 2004இல் வெளியிட்டனர். சபா, சரவாக்கில் மிகுதி; தீபகற்பத்திலும் உண்டு. அது 24 மணிக்கொருமுறை பெருகுவதால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். காலத்தோடு கண்டால் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தில் குணமாகும். எனவே டுரியான் தோட்டத்துக்கோ மீன்பிடிக்கவோ காட்டோரம் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்காவிட்டாலும் போன இடத்தை நீங்களே சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.