‘இவருக்குப் பதில் இவர்’: நெடுந்தொடரில் முதன்மைப் பாத்திரம் கைமாறும்போது

நாள்தோறும் ஒளிபரப்பாகும் தமிழ் நெடுந்தொடர்களில் முதன்மைப் பாத்திரம் ஏற்றவர் விலகி, அவ்விடத்துக்கு மற்றொருவர் வரும்போது, அந்த மாற்றம் பெரும்பாலும் ‘இவருக்குப் பதில் இவர்’ என்னும் ஒற்றை வரியால் அறிவிக்கப்படுகிறது. புதியவரின் முகம் திரையில் சில நொடிகள் உறைந்து நிற்க, கீழே அந்த எழுத்து தோன்றி மறைய, கதை எதுவும் நேராதது போல அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறது. விபத்து, முகத்தை மாற்றும் அறுவை சிகிச்சை, நெடுநாள் வெளியூர் வாசம் என்று கதைக்குள் காரணம் கற்பிக்கும் தொடர்களும் உண்டு. அவற்றோடு வைத்துப் பார்த்தால், பலரும் கேலி செய்யும் இந்த ஒற்றை வரியே நேர்மை மிகுந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அறிவிப்பு நேர்மையாக இருந்துவிட்ட காரணத்தால் பார்ப்பவரின் மனத்தாங்கல் குறைந்துவிடுவதில்லை.

அந்த மனத்தாங்கல் நகைப்புக்குரியது அன்று. 1956ஆம் ஆண்டிலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், திரையில் அடிக்கடி தோன்றும் ஒருவரோடு பார்வையாளர் கொள்ளும் நெருக்கத்தை ஒருதலைச் சமூக உறவாக விளக்கினர். அதாவது, திரையில் இருப்பவர் பார்ப்பவரை அறியமாட்டார், ஆயினும் பார்ப்பவரோ அவரது சிரிப்பின் வகைகளையும் கோபத்தின் முதல் அறிகுறியையும் அண்டை வீட்டாரை அறிவதைவிட நன்றாக அறிந்துவைத்திருப்பார். பின்னர் கெரன் எயால், ஜோனதன் கோஹன் ஆகியோர், 2004இல் ‘ஃபிரண்ட்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொடர் முடிவடைந்ததை ஒட்டி நடத்திய ஆய்வில், விருப்பமான பாத்திரத்தை இழந்தவர்கள் உறவு முறிந்தாற்போன்ற வருத்தத்தை, உண்மையான முறிவைவிடக் குறைந்த அளவிலேயாயினும், அடைந்ததையும், பாத்திரத்தின்மீது கொண்ட பற்று எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு வருத்தமும் மிகுந்ததையும், தனிமையுணர்வுக்கும் அதில் பங்கிருந்ததையும் கண்டனர். வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு அரை மணி நேரம் என ஆண்டுக்கணக்கில் ஓடும் தமிழ்த் தொடரில் இப்பற்று எந்த அளவுக்கு வேரூன்றும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே, நடிகர் மாறியதற்காக ஒருவர் வருந்தினால், ‘வெறும் சீரியல்தானே’ என்று அவரைத் தேற்ற முற்படுவது, நெடுங்காலம் தொடர்களைக் கவனித்து வந்த அனுபவத்தில், ஒருபோதும் பயன் தந்ததில்லை.

இவ்வருத்தத்தின் காரணத்தை இன்னும் சற்று நுணுகிக் காண்பது நல்லது. தென்மாவட்டங்களில் திருவிழாக்காலத்தில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தில், தனித்தனியே ஒப்பந்தமாகும் நடிகர்கள் பல ஊர்களிலிருந்து வந்து மேடையில் ஒன்றுசேர்கின்றனர். ஆதலால் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இவ்வாண்டு முருகனாக வந்த ராஜபார்ட் அடுத்த ஆண்டு வராமல் வேறொருவர் வரலாம், நாரதரும் மாறலாம், ஊரார் அதனைக் குறையாகக் கொள்வதில்லை. மாறாக, இந்த ஆண்டு மேடையில் நடந்த வாதமான தர்க்கத்தில் யார் வென்றார் என்று ஒப்பிட்டுப் பேசுவதே அவர்களுக்குச் சுவையாகிறது. முருகன் என்னும் பாத்திரம் எந்த நடிகரையும்விட மூத்தது என்பதே இதற்குக் காரணம். நெடுந்தொடரின் பாத்திரமோ நடிகரோடு சேர்ந்தே பிறக்கிறது. அதன் நடை, பார்வை, தயக்கம் அனைத்தும் முதன்முதலில் ஏற்றவரின் உடலிலிருந்து வந்தவை. ‘பாரதி கண்ணம்மா’ தொடரில் கண்ணம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்த காட்சி 2020இல் தமிழர் கைப்பேசிகளெங்கும் நகைச்சுவைப் படங்களாகப் பரவியபோது, அந்த நடை எழுத்தாளருடையதா, ரோஷ்னி ஹரிப்ரியனுடையதா என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயன்றிருக்காது. அவர் 2021இல் விலகி வினுஷா தேவி வந்தபோது பார்வையாளர் இழந்தது ஒரு நடிகையை மட்டுமன்று, பாத்திரத்தின் பாதியையும் இழந்தனர்.

ஆகவே பார்வையாளருக்கு வேண்டுவது, பாத்திரம் நடிகரைவிட மூப்படைவதற்குரிய காலம். இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் 1963 நவம்பரில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ இதற்கு மிகத் தெளிந்த சான்று. முதல் நாயகரான வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலிவுற்றதால் 1966இல் விலகியபோது, நாயகனான டாக்டர் வேற்றுலகத்தவன் என்னும் கதையமைப்பைப் பயன்படுத்தி, அவனது உடலே புதுப்பிக்கப்படுவதாகக் காட்டிப் பேட்ரிக் ட்ரௌட்டனை அவ்விடத்தில் அமர்த்தினர். அக்காலத்தில் துணிச்சலான ஏற்பாடாக இருந்தது, ஜான் பெர்ட்வீ, டாம் பேக்கர் என்று ஆள் மாற மாற மரபாகிவிட்டது. இன்று அத்தொடரின் ரசிகர்கள் அடுத்து வருபவர் யார் என்பதை ஆவலோடு எதிர்நோக்குகின்றனர், தாம் முதலில் பார்த்துப் பழகியவரைத் ‘தம்முடைய டாக்டர்’ என்று உரிமையோடு குறிப்பிட்டுக்கொண்டே புதியவரையும் ஏற்கின்றனர். இவ்விரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பது கவனிக்கத்தக்கது. பழையவரை விரும்புவது புதியவரை வெறுப்பதற்குரிய கடமையைத் தந்துவிடுவதில்லை.

நடைமுறைக்கு வந்தால், முதல் சில வாரங்களில் எம்முடிவுக்கும் வராதிருப்பதே அனுபவம் கற்பிக்கும் முதற்பாடம். இது வெறும் பொறுமையுரை அன்று. தயாரிப்பு முறையிலிருந்து பெறப்படுவது. நாள்தொடர்களில் முன்கூட்டியே எடுத்துக் கையிருப்பில் வைக்கப்படும் பகுதிகள் மிகச் சிலவே என்பதால், ஒருவர் திடீரென விலகினால் புதியவர் ஓரிரு நாளில் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் தரப்படும் வசனம், முன்னவரின் நாவுக்கும் மூச்சுக்கும் ஏற்ப எழுதப்பட்டது. அவர் பேச வேண்டிய சண்டை, முன்னவர் தொடங்கி வைத்தது. உடுத்தும் புடவையின் வகையும் கூந்தலின் வகிடும்கூட முன்னவருக்காகத் தீர்மானிக்கப்பட்டவை. எனவே தொடக்கத்தில் திரையில் தெரிவது புதிய நடிப்பன்று, பழையதைப் படியெடுக்கும் முயற்சி. முன்னவர் ஒருபோதும் நடித்திராத வகைக் காட்சி ஒன்று (ஒரு சாவு வீடு, ஒரு பிரசவம், அதுவரை வராத ஓர் உறவினரின் வருகை) புதியவருக்கு அமையும்போதுதான், வசனமெழுதுபவரும் அவருக்கென எழுதத் தொடங்கியிருப்பார். அக்காட்சியைப் பார்த்த பின் தீர்ப்பு வழங்குவது நியாயம். வாராவாரம் பார்வையாளர் அளவீட்டைக் கணக்கிடும் தொலைக்காட்சி நிறுவனம் அவ்வளவு காலம் பொறுக்குமா என்பது வேறு கேள்வி.

அடுத்து, செவிக்குக் கொடுக்க வேண்டிய இடம். தமிழ்த் தொடர்களில் கன்னடம், மலையாளம், தெலுங்கு ஆகிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட நடிகையர் பலர் நடிப்பதால், அவர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர் வேறொருவராக இருப்பது வழக்கம். முகம் மாறியும் பின்னணிக் குரல் மாறாத இடங்களில், சமையலறையில் வேலையாக இருந்தபடி காதால் மட்டும் தொடரைப் பின்தொடர்பவருக்கு மாற்றம் பாதியளவே உறைக்கிறது. நடிகையே சொந்தக் குரலில் பேசிவந்த தொடரில் அது இருமடங்காகிறது. திடுக்கிடல் தாங்கவில்லை என்போர் முதல் ஓரிரு நாள் திரையை உற்று நோக்காமல் கதையைக் கேட்டுவருவது சிறு உத்தியே எனினும் பயனுள்ளது.

எதிர்நிற்கும் நடிகரைப் பார்ப்பது இன்னொரு வழி. ‘ராஜா ராணி 2’ தொடரில் சந்தியாவாக நடித்த ஆல்யா மானசா 2022இல் மகப்பேற்றை ஒட்டி விலக, முதலில் ரியா விஸ்வநாதனும், பின்னர் ஆஷா கௌடாவும் வந்தனர். இத்தகைய தொடரில் கணவனாகவும் மாமியாராகவும் நடிப்போர் மாறாதிருந்தால், பாத்திரத்தின் தொடர்ச்சியை உண்மையில் சுமப்பவர்கள் அவர்களே. மாமியார் அதே எரிச்சலோடு ‘சந்தியா’ என்று அழைக்கும்போது புதியவர் சந்தியாவாகிவிடுகிறார். உறவுகளால் ஆன கதையில் ஒரு பாத்திரம் என்பது பிறர் அதனை நோக்கும் நோக்கிலும் வாழ்கிறது என்னும் உண்மை, நடிகர் மாறும்போது வெளிப்படுவதுபோல் வேறெப்போதும் வெளிப்படுவதில்லை.

விலகல் வேறு, மறைவு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் கூறப்படும் அறிவுரைகள் பொருந்தா. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் காலமான பின் காவ்யா அறிவுமணி அப்பாத்திரத்தை ஏற்றார். அவருக்குப் பின் 2022இல் லாவண்யா வந்தார். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதிமுத்து குணசேகரனாக, எதிர்மறைப் பாத்திரமாயினும் தொடரின் அச்சாகவே விளங்கிய மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். ‘இந்தாம்மா ஏய்’ என்று அவர் பெண்களை அதட்டும் தொனி, அந்த ஆணாதிக்கப் பாத்திரத்தை வெறுத்தவர்களும் விளையாட்டாகச் சொல்லித் திரியும் அளவுக்குப் பரவியிருந்தது. குணசேகரனைச் சில வாரம் கதையில் காணாமற்போகச் செய்து, பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தியை அவ்விடத்துக்குக் கொண்டுவந்தார் இயக்குநர் திருச்செல்வம். ‘குற்றப்பரம்பரை’ நாவலை எழுதியவரும், ‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ முதலிய படங்களில் கடுமை மிக்க பாத்திரங்களில் நடித்தவருமான அவர், முன்னவரைப் படியெடுக்காமல் இறுக்கமான வேறொரு குணசேகரனைத் தந்தார். அந்நடிப்பின் தகுதியைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் முன்னவரின் குணசேகரனிடம் கொடுமையோடு கலந்திருந்த கோமாளித்தனம் இதில் இல்லை. அது இல்லாதபோது அப்பாத்திரத்தின் கொடுமை மட்டும் எஞ்சிப் பார்ப்பவரை அழுத்தியது என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு. அந்தச் சில வார இடைவெளி, கதையின் தேவையால் நேர்ந்ததோ தயாரிப்பின் தேவையால் நேர்ந்ததோ, பார்வையாளருக்கு ஒரு துக்க காலமாகப் பயன்பட்டது. மறைவை அடுத்து இத்தகைய இடைவெளியைத் தொடர் தராவிடில், பார்ப்பவர் தாமே சில நாள் பார்க்காதிருந்து அதனை உண்டாக்கிக்கொள்வதில் பிழையில்லை.

வீட்டிலுள்ள முதியோரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. நடிகரின் பெயரே அறியாமல் பாத்திரத்தின் பெயரால் மட்டும் அவரை அறிந்துள்ள பாட்டிக்கு, திரையடியில் ஓடும் எழுத்தைப் படிக்கும் பார்வைக்கூர்மை இல்லாதபோது, திடீரென யாரோ ஒருத்தி மருமகளின் கட்டிலில் அமர்ந்திருப்பதாகத் தோன்றிக் குழப்பம் நேரிடும். முன்னோட்டம் வெளியாகும் நாளிலேயே, ‘இனிமேல் அந்தப் பிள்ளைக்குப் பதிலா இந்தப் பிள்ளை வருது பாட்டி’ என்று யாரேனும் சொல்லிவைத்தால் போதும். அவர்கள் இளையோரைக் காட்டிலும் விரைவாக ஏற்றுக்கொள்வதைப் பல வீடுகளில் காணலாம். நாடக மேடையில் ஒரே அரிச்சந்திரனைப் பல ஆள்களிடம் பார்த்துப் பழகிய தலைமுறை அது.

விலகியவருக்காகக் கொள்ளும் பற்று, வந்தவர்மீது பாயும் வசையாக மாறுவது மட்டும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. விலகலின் காரணம் (சம்பளம், தேதிச் சிக்கல், மகப்பேறு, திரைப்பட வாய்ப்பு, மனக்கசப்பு) பெரும்பாலும் முழுமையாக வெளிவருவதில்லை. ஆயினும் புதியவர் அதற்குக் காரணமாக இருப்பது அரிது, அவர் அழைப்பு வந்தபோது வேலைக்கு வந்தவர். பற்றை விலகியவரின் அடுத்த பணிக்குத் திருப்புவது அதைவிடப் பொருளுடையது. ரோஷ்னியை விரும்பியோர், அவர் விலகிய அடுத்த ஆண்டே, அவரைக் ‘குக் வித் கோமாளி’ என்னும் சமையல் நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தில் கண்ணம்மாவின் துயரம் ஏதுமின்றிச் சிரிக்கக் கண்டனர். ‘பாரதி கண்ணம்மா’ கதையின் மூலமான ‘கறுத்தமுத்து’ என்னும் மலையாளத் தொடரிலும் இதே மாற்றம் நேர்ந்திருந்தது என்பதும், அதில் நாயகியாக இருந்து மாற்றப்பட்ட பிரேமி விஸ்வநாத், அக்கதையின் தெலுங்கு வடிவமான ‘கார்த்திக தீபம்’ தொடரில் அதே நாயகியாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார் என்பதும் பலர் அறியாதவை.

முயன்றும் ஒட்டவில்லையெனில் பார்ப்பதை நிறுத்திவிடலாம். எட்டரை மணி என்னும் பழக்கத்துக்காக மட்டும் பார்ப்பது நாளடைவில் பழைய பகுதிகளின் இனிமையையும் கெடுத்துவிடும். அப்பகுதிகள் இணையத்தளங்களில் கிடைப்பதால் வேண்டுவோர் அவற்றுக்குத் திரும்பலாம், ஆனால் புதிய பகுதி ஒன்றைப் பார்த்த கையோடு பழையதைப் பார்த்து ஒப்பிடுவது எந்த நடிகருக்கும் நியாயம் செய்யாது.

முதலில் நடித்தவரே திரும்பி வருவார் என்று காத்திருப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். ‘கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி’ என்னும் இந்தித் தொடரில் துளசியாக நடித்த ஸ்மிருதி இரானி 2007இல் விலகி, கௌதமி கபூர் அவ்விடத்துக்கு வந்து, 2008இல் ஸ்மிருதியே மீண்டும் வந்தார் என்பது உண்மையே. ஆனால் அது விதிவிலக்கு. அதே தொடரில் துளசியின் கணவன் மிஹிராக முதலில் அமர் உபாத்யாய் நடித்தார், பின்பு சிறிது காலம் இந்தர் குமார், அதன் பின் 2008 வரை பல ஆண்டு ரோனித் ராய். 2025இல் அத்தொடர் புதிதாகத் தொடங்கப்பட்டபோது ஸ்மிருதியோடு அமர் உபாத்யாயும் மிஹிராகத் திரும்பினார். ரோனித் ராயையே மிஹிர் என்று அறிந்து வளர்ந்தவர்களோ, முதல் மிஹிரைப் பார்த்து, ‘இவர் எதற்கு, அவர் எங்கே’ என்று கேட்க வேண்டியதாயிற்று.