அவசர மருத்துவம் பயில ஏற்ற இடம் எது?

எம்.பி.பி.எஸ். முடிக்கும் நிலையில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் சிலர், அவசர மருத்துவத்தில் மேற்படிப்புக்கு எந்த நிறுவனம் நல்லது எனக் கேட்கின்றனர். இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-ஆம் ஆண்டில் இதனைத் தனித்துறையாக ஏற்றது. எம்.டி., டி.என்.பி. இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள். இரண்டும் ஏற்பு உடையவை. சில தனியார் மருத்துவமனைகள் தாமே வழங்கும் சான்றிதழ்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஏற்பு உண்டா என்பதைச் சேருமுன் அறிதல் வேண்டும்.

அடுத்து, கட்டடத்தின் பொலிவைப் பாராமல் மூன்று வினாக்களை எழுப்புக:

1. நள்ளிரவிலும் மூத்த மருத்துவர் உடனிருந்து கற்பிக்கிறாரா?
2. பாம்புக்கடி, நஞ்சு, விபத்து, மகப்பேற்றுக் குருதிப்போக்கு ஆகியவற்றுக்கு ஆளானோர் போதிய அளவில் வருகின்றனரா?
3. மயக்கவியல், தீவிர சிகிச்சை, குழந்தைகள் நலப் பிரிவுகளில் சுழற்சிப் பயிற்சி உண்டா?

இவை ஏன்? ஜமுனாமரத்தூரில் கட்டுவிரியன் கடித்த ஒருவருக்கு, போளூருக்கோ திருப்பத்தூருக்கோ மலையிறங்கும் வழியிலேயே மூச்சுத் தசைகள் தளரக்கூடும். நச்சுமுறி மருந்தை உடனே ஏற்றி, தேவையெனில் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி அனுப்பத் தெரிந்த மருத்துவர் அங்கே இருந்தால் அவர் பிழைப்பார். வல்லுநர் பலர் சூழ்ந்த இடத்தில் மட்டுமே பயில்பவர், பிறரை அழைக்கவே பழகுவார். தனித்து நின்று செயலாற்றவும் பழக்கும் இடத்தையே தேர்ந்தெடுக்க.