திருநாள் புத்தாடையும் தைத்தவர் கூலியும்



தஸ்நேவிஸ் மாதா திருநாளுக்குக் கொடியேறுமுன்னே நம் வீடுகளில் புத்தாடைப் பேச்சு எழும்பிவிடும். சிறு பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததை உடுத்துவர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளோ தாமே தேர்ந்தெடுக்க ஆசைப்படுவர். அது குற்றமன்று. ஆனால் அழகையும் விலையையும் பார்ப்பதோடு மூன்றாவது கேள்வி ஒன்றையும் கேட்க அவர்களைப் பழக்குவது நம் கடமை: இதை நெய்து தைத்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா?

வானத்தை நோக்கி ஓலமிடும் பாவங்கள் நான்கு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். வேலையாளின் கூலியை வஞ்சிப்பது அவற்றுள் ஒன்று. கொலைபாதகம் இருக்கும் அதே வரிசையில் திருச்சபை இதையும் வைத்திருக்கிறது.

இந்த வழக்கு நம் ஊருக்குப் புதிதன்று. 1908 பிப்ரவரி 27-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையும் அவர்கள் கேட்டார்கள். சில நாட்களில் நிர்வாகம் இணங்கியது.

நூறு வருடம் கழிந்தும் அநீதி முற்றும் ஒழியவில்லை. பருவப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் நூற்பாலைகளில் சேர்த்து, முடிவில் கலியாணத்துக்கு ஒரு தொகை தருவதாக ஆசை காட்டியது ‘சுமங்கலித் திட்டம்’. விடுதியை விட்டு வெளியே போக விடாமலும், நோயுற்று இடையில் நின்றவளுக்குத் தொகையைக் கொடாமலும் விட்ட ஆலைகள் உண்டு. அப்பெண்களில் பலருக்கு உங்கள் மகளின் வயதே இருக்கும்.

வங்காள தேசத்தில் 2013 ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, தையல் தொழிலாளர் 1,100 பேருக்கு மேல் மாண்டனர். முந்தின நாளே சுவரில் வெடிப்பு கண்டும் அவர்களை வேலைக்கு ஏற்றியிருந்தார்கள். அவர்களுடைய மாதக் கூலி 38 யூரோ என்று அறிந்த பாப்பரசர் பிரான்சிஸ், இதை அடிமை வேலை என்றே கண்டித்தார்.

மனிதரோடு நீரும் வருந்துகிறது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால், சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பாலியெஸ்டர் துணியை வெளுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து கடலில் சேருகின்றன. கடலை நம்பிப் பிழைக்கும் நமக்கு இது அயலார் காரியமாகுமோ?

“அப்படியானால் மலிவாய் வாங்குவது பாவமா?” என்று கேட்பீர்கள். இல்லை. ஏழைக் குடும்பம் தன்னால் இயன்றதை வாங்குவதில் குற்றமில்லை. விலை அதிகமென்பதால் தைத்தவருக்குக் கூலி அதிகமென்றும் எண்ணலாகாது. தேவைக்கு மேல் வாங்கி, நாலு நாளில் எறிவதே நம் மனச்சாட்சியைத் தொடும் காரியம்.

ஆகையால் இவற்றைக் கைக்கொள்வோம்:

1. மூன்று மட்டமான உடுப்புக்குப் பதில் உறுதியான ஒன்று. தையலை இழுத்துப் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுங்கள்.

2. வளரும் பிள்ளைகளுக்கு ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தால், பின்பு பிரித்துவிடலாம்.

3. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கிறது. பிள்ளைகளை அங்கும் கதர்க் கடைக்கும் அழைத்துப்போய், அவர்களே தெரிந்துகொள்ள விடுங்கள்.

4. “இது எங்கே தைத்தது?” என்று கடைக்காரரைக் கேளுங்கள். பலர் கேட்டால் அவரும் விசாரிப்பார்.

5. சிறிதாய்ப்போன நல்ல உடுப்பைத் துவைத்து, மடித்து, மரியாதையோடு பிறருக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. தூர தேசத்து ஆலையை நாம் ஒரே நாளில் திருத்த முடியாது. ஆனால் நம் தெருத் தையற்காரர் திருநாளுக்காக இராக் கண்விழித்துத் தைக்கிறார். அவர் கூலியை “அப்புறம் தருகிறேன்” என்று சொல்லிப் பாக்கி வைத்துவிட்டு, புத்தாடையோடு தேரின் பின்னே போவது தகுமோ? உடுப்பை வாங்கும்போதே கூலியைக் கொடுத்துவிடுங்கள். அதையும் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.